சுற்றறிக்கை போன பிறகு என்ன நடக்கிறது?

பல்கலைக்கழகத்தில் நெருக்கடி என்றால் முதலில் அவசரக் கூட்டம், அப்புறம் சுற்றறிக்கை. நெருக்கடிக்காலத் திட்டமிடல் என் வேலை என்பதால் இப்படிப்பட்ட கூட்டங்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தன் பிரிவைப் பற்றிச் சரியாகத்தான் பேசுவார்கள். ஒரு பிரிவின் முடிவு பக்கத்துப் பிரிவை என்ன செய்யும் என்று கேட்கத்தான் ஆள் இருக்காது.

2020 பெருந்தொற்றின்போது நான் அருகிலிருந்து பார்த்தது இது. தேர்வுகள் அவசரமாக இணையவழிக்கு மாறின. முறைகேடு நடக்கும் என்று பயந்து கேமரா கண்காணிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இணைய இணைப்பு அறுந்த மாணவர்கள் பாதித் தேர்விலேயே வெளியே தள்ளப்பட்டார்கள். புகார்கள் குவிந்தன. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் மதிப்பெண் பதிய வேண்டியவர்களும் ஒரே ஊழியர்கள். அதனால் முடிவுகள் தாமதமாயின. முடிவு எங்கே என்று கேட்டு இன்னும் நிறைய அழைப்புகள் வந்தன, தாமதம் இன்னும் கூடியது. நிர்வாகம் கூடுதல் ஆட்களைப் போட்டது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பழைய ஊழியர்களே போனார்கள், அந்த வாரம் வேலை இன்னும் பின்தங்கியது. விடைத்தாள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மாணவர்களே பார்க்க இணையத்தில் ஒரு பக்கம் திறந்த பிறகுதான் அழைப்புகள் குறைந்தன.

யாரும் சோம்பேறியாக இல்லை. இரவெல்லாம் உழைத்தவர்களைத்தான் கடைசியில் குறை சொன்னார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம். தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இப்படிப்பட்ட சுழற்சியை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் அமைப்புச் சிந்தனை, அதாவது ஒரு பிரிவில் செய்வது மற்றவற்றை எப்படிப் பாதிக்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது.

கல்வி நிறுவனங்கள் தளர்வாகப் பிணைந்த அமைப்புகள் என்று 1976இல் எழுதினார் நிறுவனங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கார்ல் வைக். அந்தத் தளர்வு ஒரு பலம். ஒரு துறை தடுமாறினாலும் மற்றவை ஓடும். ஆனால் தகவலும் அதே தளர்வில் நின்றுவிடும். 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். அவரைப் பற்றி ஆசிரியர்கள், விடுதி, வளாகக் காவல்துறை, ஆலோசனை மையம் என்று ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. தனியுரிமைச் சட்டம் அனுமதித்த தகவலைக்கூட, சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு பகிராமல் விட்டிருக்கிறார்கள்.

இப்போது நெருக்கடிக்கான ஒத்திகை நடத்தும்போது முதல் அரை மணி நேரம் தீர்வு பேச விடமாட்டேன். எந்த முடிவு யாரைப் பாதிக்கும் என்று பலகையில் அம்புக்குறி மட்டும் போடுவோம். விடுதிக் காப்பாளரையும் தொலைபேசி எடுப்பவரையும் கட்டாயம் அழைப்பேன். "இந்த முடிவால் நாளைக்கு யார் மேஜையில் வேலை கூடும்?" என்று கேட்பேன்.

ஒருமுறை, வளாகத்தை உடனே மூடுவது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட நேரத்தில் விடுதிக் காப்பாளர் எழுந்தார். "வெளிநாட்டு மாணவர்கள் இன்று ராத்திரி எங்கே போவார்கள்?" என்று கேட்டார். பலகையில் அதற்கு அம்புக்குறியே இல்லை.