ஏப்ரல் 27 குடியரசு நாள் அல்ல

தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் முதன்முதலாக வாக்களித்த நாள் ஏப்ரல் 27. அது வந்தாலே இங்கே டர்பன் பக்கத்துக் கோயில் மேடைகளில் யாராவது ஒருவர் "நம் நாட்டில் குடியரசு மலர்ந்த நாள்" என்று ஆரம்பித்துவிடுகிறார். இந்த ஆண்டு கையில் கொடுத்த துண்டறிக்கையிலும் டெமாக்ரசிக்குக் குடியரசு என்றே அச்சடித்திருந்தார்கள்.

டெமாக்ரசி கிரேக்கச் சொல். டெமோஸ் மக்கள், க்ராட்டோஸ் அதிகாரம். கி.மு. 508 வாக்கில் ஏதென்ஸில் கிளைஸ்தனிஸ் செய்த சீர்திருத்தங்களிலிருந்து அதன் கதையைத் தொடங்குவார்கள் (பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே வாக்கு கிடையாது). தமிழில் மக்களாட்சி. அவ்வளவுதான்.

குடியரசு என்பது ரிபப்ளிக். ரெஸ் பப்ளிகா, அதாவது பொதுக் காரியம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாட்டுத் தலைமை பரம்பரை அரசரிடம் இல்லை என்பதுதான் இன்றைக்கு அதற்குப் பொருள், யாருக்கு வாக்கு உண்டு என்பதைப் பற்றி அந்தச் சொல் மூச்சே விடாது.

இரண்டும் ஒன்றுதானே என்று தமிழ்நாட்டுக்காரர் கேட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அங்கே 1950-இல் ஒரே அரசியலமைப்பு இரண்டையும் கொண்டுவந்தது. இங்கே அப்படியா? 1960-இல் வெள்ளையர் மட்டும் வாக்களித்து, 1961 மே 31-இல் தென்னாப்பிரிக்கா குடியரசானது. நாட்டுத் தலைமையிலிருந்து பிரிட்டிஷ் ராணி போனார், நிறவெறி போகவில்லை. எங்கள் தாத்தா வீட்டைக் காலிசெய்துவிட்டு, நிறவெறி அரசு இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போனதே குடியரசான பிறகுதான். 1984-இல் நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென்று தனி அவை ஒன்றை வைத்து, கறுப்பின மக்களை வெளியே நிறுத்தினார்களே (நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தல் பக்கமே போகவில்லை), அதுவும் குடியரசுதான். எல்லோரும் வரிசையில் நின்று வாக்குப் போட 1994 ஆக வேண்டியிருந்தது. மொரீஷியஸில் கதை நேர்மாறு: 1968-இல் விடுதலை பெற்றபோதே தேர்தலும் நாடாளுமன்றமும் உண்டு, குடியரசானதோ 1992-இல்.

ஜனநாயகம் என்றாவது எழுதியிருக்கலாம். வடசொல்தான், நாயகம் என்றால் தலைமை என்றுதான் ஆகும், க்ராட்டோஸுக்கு அது அத்தனை பொருந்தாது, ஆட்சிதான் கிட்டே வருகிறது. இருந்தாலும் என் அம்மாவுக்குப் புரியும். மொழிபெயர்ப்பவர்களுக்கு 'ஜ' எழுத்தைக் கண்டால் அப்படி என்ன பயமோ, நல்ல தமிழாக இருக்கட்டும் என்று கைக்குக் கிடைத்த குடியரசைப் பிடித்துக்கொள்கிறார்கள். மக்களாட்சி மட்டும் என்ன, கெட்ட தமிழா?

சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த மாதிரித் துண்டறிக்கைதான் அகராதி. போன வாரம் ஒரு பையன் அதைக் காட்டி, "அப்போ 1961-இல் தாத்தா ஓட்டுப் போட்டாரா?" என்று கேட்டான். அச்சிட்டவர்களிடம் போய்ச் சொன்னேன். அடுத்த வருஷம் மாற்றிவிடலாம் என்றார்கள், போன வருஷம் சொன்ன மாதிரியே.