2226/48: வர்த்தமானி இலக்கத்துக்குள் ஒரு நாட்காட்டி

இரசாயன உரத்தை நிறுத்திய உத்தரவைத் தேடினால் ‘2226/48’ என்ற எண்தான் அகப்படுகிறது, அதற்கு என்ன பொருள் என்று சம்மாந்துறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 மே 6ஆம் திகதி, அம்பாறை, மட்டக்களப்பு வட்டைகளில் சிறுபோக வேளாண்மைக் காலத்தில் வெளியான அதிவிசேட வர்த்தமானியின் இலக்கம் அது.

நாடாளுமன்றம் சட்டத்தை இயற்றும். விவரங்களை ஒழுங்குவிதிகளாக வகுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளிக்கும். உரத் தடை, 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு)ச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி. இத்தகைய விதிகள் வர்த்தமானியில் வெளியாகி, பின்னர் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும்.

இனி அந்த இலக்கத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாதாரண வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் வாரத்துக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும். வெள்ளிவரை பொறுக்க முடியாதவை அதிவிசேடமாக வரும். அந்த வாரத்தில் அது எத்தனையாவது என்பதைக் கோட்டுக்குப் பின்னுள்ள எண் சொல்லும். ஆக, உரத் தடை அந்த வாரத்தின் 48ஆவது அதிவிசேட வர்த்தமானி. 2226 வாரங்களை ஆண்டாக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 42 ஆண்டு 8 மாதம். 2021 மே மாதத்திலிருந்து அவ்வளவு பின்னே போனால் 1978 செப்டெம்பரில் போய் நிற்போம். இன்றைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது அந்த மாதம் 7ஆம் திகதி! புதிய அரசியலமைப்போடு இலக்கமும் ஒன்றிலிருந்து தொடங்கியது. இலக்கம் தெரிந்தால் எந்த வர்த்தமானியின் காலத்தையும் தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் இந்த அழகான ஒழுங்கு காலத்தை மட்டுமே காட்டும், விடயத்தைக் காட்டாது. உரத் தடை அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வேறொரு வர்த்தமானியால் தளர்த்தப்பட்டது. மே மாதத் தாளிலோ அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அமெரிக்காவில் நாளாந்த அரச பதிவேட்டோடு, நடைமுறையிலுள்ள விதிகளை 50 தலைப்புகளில் அடுக்கி ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொகுப்பும் உண்டு. விவசாயம் அதில் 7ஆவது தலைப்பு. இலங்கைக்கும் அப்படியொன்று கட்டாயம் தேவை. மூன்று மொழிகளிலும் அதைத் தயாரிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். உரம் வாங்க வழி தேடும் விவசாயி, எது செல்லும் எது செல்லாது என்று அறியச் சட்டத்தரணியிடம் போக வேண்டிய நிலை அநியாயம்.

அதுவரை, ஒரு விதியைத் தேடுபவர்கள் இலக்கம், திகதி, தாய்ச்சட்டம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சட்டத்தின் கீழ் பின்னால் வந்த வர்த்தமானிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.