கியர் அதிர்ந்து விழுவதால் கார் வேகமாகிவிடுவதில்லை

சென்ற வாரம் என் பணிமனைக்கு ஒரு காரை இழுத்து வந்தார்கள். எஞ்சினுக்கு ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றியெழுதி, ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. டார்க், அதாவது சுழற்றும் விசை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டப்பட்டிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டும் யாரும் தொடவே இல்லை. ஆயிலை இறக்கியபோது அது கறுத்து, கருகல் நாற்றத்துடன் வந்தது. திறந்து பார்த்தால் இரண்டு கிளட்ச் தொகுதிகளில் உராய்வுப் படலம் உதிர்ந்து, எஃகுத் தட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. உரிமையாளர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வால்வு பாடியில் ஷிஃப்ட் கிட் போட்டு, கியர் கொஞ்சம் பலமாக விழும்படி செய்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?" இந்தக் கேள்வியை இத்துடன் பலமுறை கேட்டுவிட்டேன் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

கியர் மாறும்போது முதுகில் ஓர் இடி விழுந்தால் கார் வலுவாகிவிட்டது என்று நம்புவோர் மிகப் பலர். கியர்பாக்ஸ் எந்தச் சக்தியையும் உற்பத்தி செய்வதில்லை. எஞ்சின் தருவதை வாங்கி, அதில் ஒரு பகுதியைச் சூடாக இழந்து, மிச்சத்தைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. கிளட்ச்களுக்கு ஆயிலைப் பிரித்தனுப்பும் பகுதிதான் வால்வு பாடி. அதில் பொருத்தும் ஷிஃப்ட் கிட் ஆயில் அழுத்தத்தை உயர்த்தி, ஒரு கிளட்ச் விடுவதற்கும் மற்றொன்று பிடிப்பதற்கும் இடையில் தட்டுகள் வழுக்கும் நேரத்தைக் குறைக்கிறது. வழுக்கல் குறைந்தால் சூடு குறையும், தட்டின் ஆயுள் கூடும். அதற்காகத்தான் அது உருவாக்கப்பட்டது. அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால், சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினின் வேகம் ஒரே இழுப்பில் கீழே இறக்கப்பட்டு, அந்த அதிர்ச்சி முழுவதும் ஷாஃப்டுகள், டிஃபரன்ஷியல், மவுண்ட் ரப்பர்கள் ஆகியவற்றின் மீது போய் விழுகிறது. நீங்கள் உணரும் இடி அந்த அதிர்ச்சிதான். நவீன எட்டு கியர் பெட்டிகள் ஏறத்தாழ 200 மில்லிவினாடியிலேயே கியரை மாற்றிவிடும் நிலையில், அதில் இன்னும் சிறிது நேரத்தைக் கிள்ளி எடுத்து அன்றாடச் சாலையில் யாரும் எதையும் சாதித்துவிட முடியாது. தட்டுகள் ஏற்கெனவே கருகிய பெட்டியில் அழுத்தத்தைக் கூட்டினால் சில நாட்கள் பிடிப்பதுபோல் தோன்றும். பிறகு ஒரேயடியாக நின்றுவிடும்.

உண்மையான பிரச்சினை எஞ்சினும் கியர்பாக்ஸும் பேசிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. எஞ்சின் கணினி, தான் இப்போது எவ்வளவு டார்க் தருகிறது என்பதைக் கணக்கிட்டு கியர்பாக்ஸ் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு அழுத்தத்தில் பிடிப்பது என்று கியர்பாக்ஸ் முடிவு செய்கிறது. வரம்பைத் தாண்டினால் கியர்பாக்ஸ் கணினி எஞ்சினை அடக்கிவிடும் என்பதற்காகச் சில ரீமேப்களில் இந்த எண்ணையே குறைத்துக் காட்டும்படி எழுதிவிடுகிறார்கள். எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் தந்துகொண்டு 400 என்று சொன்னால், 400-க்கு ஏற்ற அழுத்தத்தில்தான் தட்டுகள் பிடிக்கும், ஒவ்வொரு முழு வேக ஓட்டத்திலும் வழுக்கும். ரீமேப் செய்பவரிடம் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: கியர்பாக்ஸுக்குப் போகும் டார்க் எண் உண்மையானதா, கியர்பாக்ஸின் மென்பொருளும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கிறதா? தெளிவான பதில் வராவிட்டால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தாங்குவரம்பு உண்டு. இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி வரிசையில் பெயரின் இறுதியில் வரும் 45, 70, 90 ஆகிய எண்கள், அந்தப் பெட்டி ஏறத்தாழ 450, 700, 900 நியூட்டன் மீட்டர் வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. வரம்பை ஒட்டிப் போகிறீர்கள் என்றால், தரமான உராய்வுத் தட்டுகள், இடம் இருந்தால் தொகுதிக்குக் கூடுதலாக ஒரு தட்டு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்கு வலுவான லாக்கப் கிளட்ச் (இரண்டையும் நேரடியாகப் பூட்டுவது) என்று உள்வேலை செய்தாக வேண்டும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது கன்வர்ட்டரே எஞ்சின் டார்க்கை ஏறத்தாழ இரு மடங்கு வரை பெருக்குகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். ஸ்டால் வேகம் (கார் அசையாமல் நிற்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய உச்சச் சுழற்சி) கூடிய கன்வர்ட்டர், எஞ்சின் தன் பலத்தைக் காட்டும் சுழற்சிக்கு ஏறிய பிறகே முழுப் பளுவையும் ஏற்கவிடும் என்பதால், பந்தயத் தடத்தில் அது நல்ல கருவி. நெரிசலில் ஊர்ந்து போகும் காரில் அதைப் பொருத்தினால் ஆயிலைக் காய்ச்சுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

வலுவாக்க வேண்டும் என்று வருபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் ஆயிலையும்தான். அதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. பெரும்பாலான பெட்டிகளில் ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. "வாழ்நாள் முழுவதும் ஆயில் மாற்றத் தேவையில்லை" என்ற கார் விளம்பர வாசகத்தை நம்பாதீர்கள். 8எச்பி பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே ஓட்டும் விதத்துக்கேற்ப 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. கீழே உள்ள திருகைத் திறந்தால் முழு ஆயிலும் வந்துவிடாது. கன்வர்ட்டரிலும் கூலரிலும் கணிசமான பகுதி தங்கிவிடும். அளவைச் சரிபார்ப்பது, தயாரிப்பாளர் சொன்ன ஆயில் வெப்பநிலையில், சொன்ன முறையில்தான் நடக்க வேண்டும். குத்துமதிப்பாக ஊற்றுகிறவரிடம் காரை விடாதீர்கள்.

சிவிடி பெட்டி (தனித்தனி கியர்கள் இல்லாமல் கப்பிகளும் பெல்ட்டும் கொண்டு இயங்குவது) வைத்திருப்பவர்கள் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள். அதன் எஃகு பெல்ட் ஒருமுறை வழுக்கினால் கப்பியில் கீறல் விழும், பிறகு மீட்சி இல்லை. ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் கொண்ட இரட்டை கிளட்ச் பெட்டிகளுக்கும் ஏறத்தாழ இதே அறிவுரைதான்.

செலவு செய்யும் முன் பெட்டியின் உடல்நிலையைப் பாருங்கள். ஆயிலை மோந்து பாருங்கள். வடிகட்டியிலும் அடியில் உள்ள ஆயில் தொட்டியின் காந்தத்திலும் என்ன ஒட்டியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது இயல்பு, செதில்கள் இருப்பது இயல்பன்று. ஸ்கேனரில் வெப்பநிலை, கிளட்ச் வழுக்கல், அடாப்டேஷன் மதிப்புகள் (தட்டுகளின் தேய்மானத்துக்கேற்ப கணினி தானே கற்றுக்கொண்ட திருத்தங்கள்) மூன்றையும் வண்டி ஓடும்போது பதிவு செய்யச் சொல்லுங்கள். நியூட்ரலில் எஞ்சினை முறுக்கிவிட்டு டிரைவில் தள்ளி வலுவைச் சோதிக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். வால்வு பாடியையோ தட்டுகளையோ மாற்றினால் அடாப்டேஷனை அழித்து மீண்டும் கற்பிக்க வேண்டும். அதற்கான ஓட்டம் முடியும்வரை ஆக்சிலரேட்டரை மிதமாகவே மிதியுங்கள். ஆயிலில் கருகல் வாடை வந்தாலோ, காந்தத்தில் செதில்கள் தெரிந்தாலோ, எந்தக் கிட்டையும் வாங்காமல் முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.