பரடே பை: மின்காந்த மறைப்புறை

கருவிகளை மின்காந்த அலையிலிருந்து காக்கவென்று இணையத்தில் 'பரடே பை' என்றும் 'ஈ.எம்.பி. பை' (ஈ.எம்.பி. என்றால் இலெக்ட்ரோமக்னெற்றிக் பல்ஸ், மின்காந்தத் துடிப்பு) என்றும் விற்கும் வெள்ளிநிறப் பையைச் சிலர் தமிழில் 'மின்காப்புப் பை' என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயர் ஆளைப் பிழையான வழியில் கொண்டுபோய்விடும். எங்கள் பள்ளிக்கூடப் பௌதிகவியலில் மின்னைக் கடத்தாத பொருளுக்குக் காவலி என்று பெயர். ஆகவே மின்காப்பு என்றதும் மனம் றப்பரையும் பிளாஸ்ரிக்கையும் நினைக்கும். ஆனால் இந்தப் பை வேலை செய்வதே அது நல்ல கடத்தியாக இருப்பதால்தான். உலோக உறையில் மின்காந்த அலை படும்போது அதிலுள்ள இலத்திரன்கள் நகர்ந்து எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்குகின்றன. உள்ளே புலம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது.

இதை மைக்கேல் பரடே 1836இல் இலண்டனில் செய்து காட்டினார். 12 அடிப் பெட்டி ஒன்றுக்கு உலோகத்தால் உறையிட்டு, வெளியே பலத்த மின்னேற்றம் கொடுத்தார். உள்ளே மின்காட்டி அசையவில்லை. பைக்கு அவர் பெயர் வந்தது அதனால்.

ஈ.எம்.பி.யில் உள்ள 'பல்ஸ்' இலத்தீனில் அடித்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாடி, துடிப்பு இரண்டும் உண்டு. நாடி உடம்புக்கு உரியது. இங்கே துடிப்பே பொருந்தும். உயரத்தில் அணுகுண்டு வெடித்தால் எழும் மின்காந்தத் துடிப்பின் முதற்பகுதி சில நனோ செக்கன்களில் உச்சத்தைத் தொடும். அப்போது மீற்றருக்கு 50,000 வோல்ற்று வரை புலம் வரலாம் என்று கணக்கிடுகிறார்கள். 1962 யூலையில் பசுபிக்கின் மேல் 400 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்துச் சோதித்தபோது, 1,400 கிலோமீற்றருக்கு அப்பால் ஹவாயில் ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன. சூரியப் புயல் வேறு வகை. அது நீண்ட மின்கம்பிகளையும் நிலைமாற்றிகளையும்தான் தாக்கும்; கையடக்கக் கருவிக்கு அதனால் ஆபத்தில்லை.

பைக்கு எங்கள் பரிந்துரை: மின்காந்த மறைப்புறை, சுருக்கமாக மறைப்புறை. கிடுகு வேலி வளவை மறைப்பது போல இது அலையை மறைக்கிறது. வேலியில் ஒரு பொட்டு (ஓட்டை) இருந்தால் மறைப்புப் போனது போலத்தான் இங்கும். பொட்டின் அகலத்தைவிட நீளமே கெடுதல். மயிரிழை அகலமே ஆனாலும் 15 சென்ரிமீற்றர் நீளமான வெடிப்பு, 30 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள அலையைத் தாராளமாக உள்ளே விடும். 'பை' என்றால் வாய் திறந்திருந்தாலும் பைதான். 'உறை' என்றதும் கடித உறை போல வாயை மடித்து மூடவேண்டும் என்பது நினைவுக்கு வரும்.

வீட்டிலேயே செய்யலாம். கருவியின் வயர்களைக் கழற்றி, துணியாலோ காட்போட்டாலோ சுற்றுங்கள். கருவியின் உலோகம் உறையில் முட்டக்கூடாது. மேலே சமையலறை அலுமினியத் தாளை மூன்று சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு தடவை மடியுங்கள். பிறகு பிஸ்கற் பேணிக்குள் வையுங்கள். பேணி வாயிலும் மூடியின் உட்பக்கத்திலும் உள்ள வர்ணத்தைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடவிடுங்கள். இதை விட்டால் வர்ணமே சுற்றிவரப் பொட்டாகும். நிலத்தொடுப்பு (ஏர்த்) தேவையில்லை. சார்ஜர் வயரை வெளியே விடவே கூடாது. அது அன்ரெனாவாகித் துடிப்பை நேரே உள்ளே கொண்டுவரும்.

கணினிப் பாகங்கள் வரும் இளஞ்சிவப்புப் பையை நம்பவேண்டாம். அது நிலைமின்னுக்கு மட்டுமே, அலையைத் தடுக்காது.

சோதிக்கும்போது போனை வைத்து அழைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அது உயர் மீடிறனை (அதிர்வெண்ணை) மட்டுமே காட்டும். துடிப்பின் வலு பெரும்பாலும் 100 மெகாஹேட்ஸுக்குக் கீழேதான். ஆகவே பாடிக்கொண்டிருக்கும் எஃப்.எம். றேடியோவையும் உள்ளே வைத்து மூடுங்கள். பாட்டு இரைச்சலாக மாறவேண்டும். இரண்டிலும் தேறினாலும் இது மேலோட்டமான சோதனைதான். விற்பவர் 60 டெசிபெல் மறைப்பு என்றால், புலம் ஆயிரத்தில் ஒன்றாகும் என்று பொருள்.

யாழ்ப்பாணத்தில் குருநகர், மயிலிட்டிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் மேலதிக ஜி.பி.எஸ். கருவியையும் கையடக்க வானொலியையும் இப்படி வைக்கலாம். எங்கள் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். செப்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் இன்னும் விரைவாக அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்புகளைப் பாருங்கள். துணிப்பையில் உலோகப்பூச்சு முதலில் வெடிப்பது மடிப்பில்தான். போனை வைப்பதானால் அணைத்துவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் சிக்னலைத் தேடித் தேடிப் பற்றரி இறங்கிவிடும்.