பெட்டியின் பூட்டு எங்கே இருக்கிறது?

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டு மைன்கிராஃப்ட். பலர் சேர்ந்து ஆடும் அதன் சர்வரில் வீடு கட்டும் புதியவர்கள் பெரும்பாலும் சுவரைத்தான் நம்புகிறார்கள். இரும்புக் கதவு வைக்கிறார்கள், பொருள் வைக்கும் பெட்டியைச் சுற்றி அப்சிடியன் என்ற கடினமான கல்லை அடுக்குகிறார்கள். அப்சிடியன் டிஎன்டி வெடிப்புக்கு அசையாது என்பது உண்மைதான். ஆனால் வைரக் குந்தாலி வைத்திருப்பவர் ஒரு கட்டையைப் பெயர்த்தெடுக்க 10 விநாடிகூட ஆவதில்லை. நீங்கள் தூங்கப் போன பிறகு அவருக்கு இரவு முழுவதும் இருக்கிறது.

உண்மையான பூட்டு சர்வரில் இருக்கிறது. ஒரு கட்டையை நீங்கள் உடைக்கும்போது உங்கள் கணினி அனுப்புவது வெறும் விண்ணப்பம்தான். உலகத்தின் அசல் பிரதி சர்வரிடம் இருக்கிறது. விநாடிக்கு 20 முறை அது தன் கணக்கைப் புதுப்பிக்கிறது. சர்வரில் கூடுதலாகச் சேர்க்கும் நிரலான பாதுகாப்பு பிளக்இன் அந்த விண்ணப்பத்தை வழியிலேயே நிறுத்தி, இடம் யாருடையது, கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிறது. இல்லையென்றால் விண்ணப்பம் ரத்து. பிறர் நிலத்தில் கை வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: உடைந்த கட்டை ஒரு கணம் மறைந்து, உடனே பழைய இடத்தில் வந்து நிற்கும். உங்கள் திரை அவசரப்பட்டுக் காட்டியதைச் சர்வர் திருத்துகிறது.

நிலத்தை அளக்கும் முறை பிளக்இன்னுக்கு பிளக்இன் மாறும். கிரீஃப்பிரிவென்ஷன் என்ற பிளக்இன்னில் தங்க மண்வெட்டியால் இரண்டு மூலைகளைத் தொட்டால் நடுவில் உள்ள இடம் உங்களுடையது. டவுனி என்ற பிளக்இன்னில் 16×16 கட்டைச் சதுரங்களாக ஊர் விரிகிறது. கட்டுவது, உடைப்பது, கதவு பெட்டிகளைத் திறப்பது, பொருள்களைப் பயன்படுத்துவது ஆகிய நான்குக்கும் தனித்தனி அனுமதி.

சிக்கல் தொடங்குவது, கேட்பது மனிதராக இல்லாதபோது. நிலத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் பூட்டியதாக வைத்துக்கொள்வோம். திருட வருபவர் பெட்டியைத் தொடவே வேண்டாம். அதன் அடியில் ஒரு ஹாப்பரையும், அது இழுப்பதைக் கொட்ட அதோடு இணைத்து இன்னொரு பெட்டியையும் வைத்தால் போதும். தனக்கு மேலே உள்ள பெட்டியிலிருந்து பொருளை இழுப்பது ஹாப்பரின் இயல்பு, 0.4 விநாடிக்கு ஒன்று. ஒரு பெட்டியில் 27 இடங்கள், இடத்துக்கு 64 என நிரப்பினால் 1,728 பொருள்கள். 12 நிமிடத்துக்குள் பெட்டி காலி! பக்கத்தில் இன்னொரு பெட்டியை ஒட்டி வைத்து இரண்டையும் இரட்டைப் பெட்டியாக்கித் திறப்பது இன்னொரு பழைய வழி. இவற்றோடு எல்லைக்கு வெளியே பற்றவைத்த டிஎன்டி, உள்ளே வழியும் எரிகுழம்பு, பரவும் தீ, கட்டைகளைத் தள்ளும் பிஸ்டன் என ஒவ்வொன்றுக்கும் பிளக்இன் தனியாகக் காவல் இருக்க வேண்டும். நல்ல பிளக்இன்கள் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் சர்வரில் எது இயக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பிளக்இன் எதுவும் இல்லாவிட்டாலும் விளையாட்டிலேயே ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. எண்டர் பெட்டியில் வைப்பது அந்தப் பெட்டிக்குள் இருப்பதே இல்லை. உங்கள் கணக்கின் தரவில் சேர்கிறது. வேறொருவர் திறந்தால் அவருடைய பொருள்தான் தெரியும், உடைத்தாலும் உங்களுடையது சிதறாது. அதிலும் 27 இடங்களே. ஆனால் 27 இடங்கள் கொண்ட ஷல்கர் பெட்டி தன் சரக்கோடு அப்படியே ஒரு பொருளாக நகரும் என்பதால், எண்டர் பெட்டியை ஷல்கர் பெட்டிகளால் நிரப்பினால் 729 இடங்கள் கிடைக்கும். விலைமதிப்புள்ளது எதையும் வேறெங்கும் வைக்காதீர்கள் என்பேன்.

இத்தனை காவலையும் தாண்டிவிடுபவர் நீங்களே அனுமதி கொடுத்தவர். கூடச் சேர்ந்து கட்டுபவருக்கு முழு அனுமதி கொடுத்துவிட்டு மறந்துபோவது வழக்கமாக நடக்கிறது. அவர் எடுத்தால் சர்வருக்கு அது திருட்டே இல்லை. கோர்புரொடெக்ட் போன்ற பதிவு பிளக்இன் இருந்தால், யார், எப்போது, எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தார் என்பது வரிவரியாக இருக்கும். நிர்வாகி குறிப்பிட்ட ஆளின் செயல்களை மட்டும் நேரம் சொல்லிப் பின்னோக்கித் திருப்பலாம்.

அனுமதிகள் எல்லாம் கணக்கின் அடையாள எண்ணோடு பிணைந்தவை. கணக்கைச் சரிபார்க்காமல் யாரையும் உள்ளே விடும் சர்வரில், தனியாகக் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடும் இல்லையென்றால், உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து நுழைபவர் சர்வரின் கண்ணுக்கு நீங்களேதான். எண்டர் பெட்டியும் அவருக்குத் திறக்கும்.