பள்ளிக்கு வரும் பிசியோவிடம் என்ன கேட்கலாம், எங்கே ஏமாறுவோம்

ஆறாம் வகுப்புப் பையன். மூளை முடக்குவாதம். வகுப்பறை முதல் மாடியில். தினமும் காலையில் அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறுவார். கழிப்பறைக்குக் கூட்டிப்போக மதியம் மறுபடி வருவார். வட்டார வள மையத்திலிருந்து (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகம், பி.ஆர்.சி. என்பார்கள்) பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில், வராந்தாவில் பாயை விரித்து அவன் கால்களை இருபது நிமிடம் நீட்டி மடக்குவார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுவார். ஒரு வருடம் இப்படியே ஓடியது. ஆறாம் வகுப்பைக் கீழே கொண்டுவரலாமே என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அம்மாவும் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. கேட்ட பிறகு ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. இரண்டு வகுப்புகளின் பெஞ்சுகளை இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பள்ளி பிசியோவின் வேலை என்ன என்பது புரியாததால் வரும் வினை இது. ஆஸ்பத்திரி பிசியோ மூட்டையும் தசையையும் பார்ப்பார். பள்ளிக்கு வருபவர் பிள்ளையின் பள்ளி நாளைப் பார்க்க வேண்டும். கேட்டிலிருந்து வகுப்புக்கு எப்படி வருகிறாள், பெஞ்சில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா அந்தரத்தில் தொங்குகிறதா, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, சாய்தளம் ஏறும்படி இருக்கிறதா (ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், பல பள்ளிகளில் இருப்பது சறுக்குமரம்). கால் நீட்டுவது இதில் ஒரு பகுதிதான். பெஞ்சுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டுப் பாதம் ஊன்ற வைப்பது, எப்போதோ நடக்கும் இருபது நிமிடப் பயிற்சியைவிடப் பல பிள்ளைகளுக்கு அதிகம் உதவும், ஏனென்றால் அது தினமும் ஐந்தாறு மணி நேரம் வேலை செய்கிறது. இதையெல்லாம் பார்த்து எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள் என்று பிசியோவிடம் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, ஒரு தாளில் வேண்டும்.

சட்டம் இவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் மாற்றுத்திறன் பிள்ளையைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடத்தைப் புழங்கும்படி வைக்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு ஏற்ற உதவியைத் தர வேண்டும், போக்குவரத்தும் தர வேண்டும். பிசியோ, சிறப்பாசிரியர், பயிற்சி மையம் இவற்றுக்குப் பணம் வருவது 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடங்கிய கல்விப் பிரிவிலிருந்து. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு இது உண்டு.

இனி, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பது.

முதல் வாசகம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "யூடிஐடி கார்டு எடுத்துட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்." குறைபாட்டின் சதவீதத்தைக் குறித்து அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அது. கார்டு எடுங்கள், கட்டாயம் எடுங்கள். ஆனால் கார்டு வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும் என்று பிரிவு 16 சொல்லவில்லை. குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற கோடும் அதில் இல்லை. அந்தக் கோடு வருவது வேறு இடத்தில். இலவச உதவி உபகரணம், 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி, இவற்றுக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். அலுவலகத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள். 35 சதவீதம் போட்டு வெள்ளைக் கார்டு வந்த பிள்ளையை "உங்களுக்கு எதுவும் இல்லை" என்று திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். உபகரணம் இல்லை என்று சொல்லலாம். வகுப்பைக் கீழே மாற்ற முடியாது என்று சொல்ல அந்த 35-க்கு அதிகாரம் இல்லை.

இரண்டாவது, தனியார் பள்ளி. "பி.ஆர்.சி.-யில போய்க் கேளுங்க" என்பார்கள். அங்கே போனால் "நாங்க அரசுப் பள்ளிக்குத்தான்" என்பார்கள். இருவரும் ஒருவகையில் உண்மைதான் பேசுகிறார்கள், நடுவில் நிற்பது நீங்கள். திட்டப் பணம் தனியார் பள்ளிக்கு வராது என்பது சரி. ஆனால் அங்கீகாரம் பெற்ற பள்ளி என்பதால் பிரிவு 16 அந்தப் பள்ளியையே கட்டும். ஆகவே மனு எழுத வேண்டியது பள்ளிக்கு, வள மையத்துக்கு அல்ல.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது: வீட்டுவழிக் கல்வி. பெயர் பள்ளிப் பதிவேட்டில், பிள்ளை வீட்டுக் கட்டிலில். "பாப்பா ஏன் கஷ்டப்படணும், நாங்களே வீட்டுக்கு வந்து பாக்குறோம்" என்று இதமாகத்தான் சொல்வார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்து படிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. தேர்வு பிள்ளையுடையது, குடும்பத்துடையது. சாய்தளம் கட்டாமல் தப்பிக்கும் வழியாகப் பள்ளி அதைப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? "பள்ளிக்கு அனுப்ப விரும்புகிறேன்" என்று இன்னொரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

உபகரணங்களுக்கு வருவோம். அளவெடுக்கும் முகாமுக்கும் கொடுக்கும் முகாமுக்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடும், அதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிடும். மேடையில் படம் எடுத்துக் கையில் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்து பரணில் போட்ட வீடுகள் நிறைய. கால் ஸ்பிளின்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) என்றால் அங்கேயே போட்டுப் பாருங்கள். சிறிது நேரம் நடக்கவிட்டுக் கழற்றினால் தோலில் சிவப்புத் தெரியும். இருபது நிமிடத்தில் அது மறைந்துவிட வேண்டும். மறையவில்லை என்றால் அளவு தவறு, அதைத் தொடர்ந்து போட்டால் புண்ணாகும். "அளவு பொருந்தவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள், அல்லது கையெழுத்தே போடாதீர்கள். சக்கர நாற்காலி வாங்கினால் பள்ளிக் கதவுக்குள் அது நுழையுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நுழையாத நாற்காலி ஒன்று வராந்தாவில் வெயிலில் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. வராத நாட்களுக்கும் சேர்த்துப் பதிவேட்டில் மொத்தமாகக் கையெழுத்துக் கேட்பார்கள். பாவம், அந்தப் பிசியோவும் தொகுப்பூதியத்தில், பெரும்பாலும் ஒரு வட்டாரத்துக்கே ஒருவராக ஓடிக்கொண்டிருப்பவர். பகைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தேதி இல்லாத இடத்தில் கையெழுத்து வேண்டாம். அவர் வந்த நாளையும் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஆள் போதவில்லை என்று நீங்கள் வாதாட அந்த நோட்டுதான் சாட்சி.

பள்ளியில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும்: "பி.டி. பீரியட்ல சார் பாத்துப்பார்." விளையாட்டு ஆசிரியர் வேறு, பிசியோ வேறு. தசைச்சிதைவு நோய் உள்ள பையனை எல்லோரோடும் ஓடவிட்டுக் களைக்க வைத்தால் நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்று பிசியோவிடம் எழுதி வாங்கி அந்த ஆசிரியர் கையில் கொடுங்கள்.

பணம் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று கேள்விப்பட்டு அதைக் கையில் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. அது திட்டக் கணக்கு, கையில் வரும் தொகை அல்ல. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு உதவித்தொகை உண்டு, அது வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: எமிஸ் என்னும் கல்வித்துறையின் இணைய மாணவர் பதிவேட்டில் பிள்ளை மாற்றுத்திறன் மாணவி என்று குறிக்கப்பட்டிருக்கிறாளா, ஆதார் இணைத்த கணக்கு உயிரோடு இருக்கிறதா. எமிஸில் குறிக்காத பிள்ளை திட்டத்தின் கண்ணுக்கே இல்லை. "நிதி வரலை" என்ற பதிலும் வரும். 2024-25-இல் மத்திய அரசு தமிழகத்துக்கான திட்ட நிதியை நிறுத்திவைத்தது ஊரறிந்த சேதி. இருக்கட்டும், வகுப்பறையைக் கீழே மாற்ற எந்த நிதி வேண்டும்?

அலைச்சலைக் குறைக்க ஒரே வழி காகிதம். தலைமை ஆசிரியருக்கு மனு, நகலில் தேதியோடு கையொப்பம். பதில் இல்லையா, வட்டார வள மையம், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். அங்கும் "மேடம் ஃபீல்டுக்குப் போயிருக்காங்க" என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணை வாங்குங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலையும் பிசியோவின் வருகைப் பதிவையும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பல இடங்களில் மனு போன மறுவாரமே பிசியோ வந்து நிற்பார். அதுவும் அடங்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள்.

ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்துப் பள்ளி மாறும்போது கவனம். மாற்றுச் சான்றிதழ் பிள்ளையோடு போகும், பிசியோவின் கோப்பு பழைய வள மையத்து அலமாரியிலேயே இருந்துவிடும். புது இடத்தில் "முதல்ல முகாமுக்கு வாங்க" என்று தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஏப்ரலிலேயே அந்தக் கோப்பை முழுவதும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.