சினை ஆட்டுக்கு ரோமம் வெட்டினால் குட்டிக்குக் குளிராதா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "குட்டி போடப்போகும் செம்மறிகளுக்கு வெளிநாட்டுப் பண்ணைகளில் குளிர்காலத்திலேயே ரோமம் வெட்டுவதை வீடியோவில் பார்த்தேன். இது பாவமில்லையா? பிறக்கிற குட்டி என்னாகும்?"

பலமுறை அந்தக் குட்டி இன்னும் திடமாகப் பிறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உடலியல் விஷயங்களில் இது ஒன்று.

வேலூர்ப் பக்கம் மேயும் மெட்ராஸ் சிவப்புச் செம்மறிக்குக் குட்டை முடிதான், வெட்ட ஒன்றுமில்லை. மெரினோ போன்ற கம்பளி ஆடுகளுக்கு ரோமம் வளர்ந்துகொண்டே இருக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால் அந்த வகை ஆடுகளைப் பார்க்கலாம். ஈனுவதற்கு முன் வெட்டினால் மடி சுத்தமாக இருக்கும், குட்டி காம்பைச் சட்டென்று பிடிக்கும். தாய்க்கும் குளிர் உறைப்பதால் காற்று மறைவான இடம் தேடிப் போய் ஈனும். இதெல்லாம் மேய்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

செம்மறியின் சினைக்காலம் சுமார் ஐந்து மாதம். அதன் நடுவில் ரோமத்தை எடுத்துவிட்டால், உடல் சூட்டைக் காக்கத் தாய் கூடுதலாகத் தின்கிறது. அதன் ரத்தத்தில் இன்சுலின் குறைந்து சர்க்கரை கூடுகிறது. கருப்பைக்குள் குளிர் எட்டுவதில்லை, ஆனால் இந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே எட்டுகிறது. குட்டியின் எடை கூடுகிறது. அதோடு சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் பழுப்புக் கொழுப்பின் வெப்பம் தரும் திறனும் கூடுகிறது.

இந்தப் பழுப்புக் கொழுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரும்பாலான செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண் ஆற்றல்கூடம், புரோட்டான்கள் என்ற நேர்மின் துகள்களை ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைத்துத் தேக்கி வைக்கிறது. அவை திரும்பிப் பாயும்போது, மேட்டூரில் தண்ணீர் டர்பைனைச் சுற்றுவது போல, ஒரு நுண்சுழலியைச் சுற்றி, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குகின்றன. பழுப்புக் கொழுப்பிலோ தெர்மோஜெனின் என்ற புரதம் பக்கத்திலேயே ஒரு மதகைத் திறந்துவிடுகிறது. புரோட்டான்கள் சுழலியைத் தொடாமல் அதன் வழியே பாய்ந்துவிடும். ஏடிபி ஆகியிருக்க வேண்டிய ஆற்றல் வெப்பமாகிறது. நடுங்காமலே சூடு! அந்தப் பழுப்பு நிறமே, இரும்புள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்து இருப்பதால் வருவது. 39 டிகிரி வெதுவெதுப்பிலிருந்து ஈர உடம்போடு வெளியே விழும் குட்டி, முதல் சில மணி நேரம் பிழைத்துக் கிடக்க இந்தச் சில பத்து கிராம் கொழுப்பு பெரிய துணை.

ஆனால் தீவனத்தைக் கூட்டாமல் ரோமத்தை மட்டும் வெட்டினால் தாய்க்கே ஆபத்து. மெலிந்த ஆட்டை வெட்டவே கூடாது.

நம் ஆடுகளின் குட்டிகளுக்கும் இதே கொழுப்பு உண்டு. மார்கழி விடியலில் விறைத்துக் கிடக்கும் குட்டியைப் பார்த்துக் காத்து கருப்பு என்று கயிறு மந்திரிக்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. கயிறு வாங்கிவரும் நேரத்துக்குள் அந்தக் கொழுப்பு எரிந்து தீர்ந்துவிடும். நம் குட்டைமுடி இனங்களில் இந்தக் கொழுப்பை அளந்து பார்க்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, குடியாத்தத்துச் சகோதரிக்கு: உங்கள் ஆட்டுக்குக் கத்தரி வேண்டாம். குட்டி விழுந்ததும் காய்ந்த கோணியால் நன்றாகத் துடைத்து, தாயை நக்கவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள்.